கோடில்லாத கண்ணாடி

— இதோட மூணாவது தடவை வந்திருக்கிய, பிளாரன்ஸ். முதல்ல காதுப் பக்கம் நெருக்கிக் குடுத்தேன். பொறவு மூக்குத் தாங்கியச் சரி பண்ணேன். இனி முகத்தத்தான் மாத்தணும்.

— கேலி பேசாதிய அண்ணாச்சி. இந்தக் கண்ணாடி எனக்கு வேண்டாம். கோடு போட்டதே குடுங்க.

— கோடு போட்டதா? அன்னைக்கு இதே நாக்காலியில உக்காந்துட்டு என்ன சொன்னிய? கோடு போட்ட கண்ணாடி கிழவின்னு காட்டிக் குடுத்திரும், நாப்பத்தேழு வயசுல கல்யாணப் பொண்ணா நிக்கப் போறேன், கோடு தெரியாததாக் குடுங்கன்னு சொல்லலியா? நானும் இருக்கதுலயே நல்லதாப் பாத்து வரவழைச்சேன்.

— சொன்னேன். இப்ப கிழவியாவே இருந்துட்டுப் போறேன்.

— பதறாண்டாம். பழகிரும். இது போட்ட எல்லாருக்கும் முதல்ல இப்பிடித்தான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர், பேரு சொல்ல மாட்டேன், போட்ட அன்னைக்கே மாடிப்படியில இறங்கியிருக்காரு. தரை கீழ போயிட்டே இருக்கு, இன்னும் வரலியேன்னு கடைசிப் படியில நின்னுக்கிட்டு வீட்டம்மாவக் கூப்பிட்டாராம். அந்தம்மா வந்து பாத்தா மனுசன் ஒரு காலத் தூக்கிக்கிட்டுக் கொக்கு மாதிரி நிக்காரு. இப்ப அதே கண்ணாடியோட பைக் ஓட்டுதாரு.

— எனக்குத் தரை சரியா இருக்கு. படி சரியா இருக்கு.

— தலை சுத்துதா?

— இல்ல.

— அப்ப என்னதான் குறை?

— ஆள் தெரியிது.

— ஆள் தெரியத்தான கண்ணாடி.

— இல்லாத ஆளு, அண்ணாச்சி.

— ஓ. இதுதானா. கேட்டியளா, இந்தக் கண்ணாடியில மேல் பாகம் தூரத்துக்கு. கீழ் பாகம் படிக்கதுக்கு, ஊசி கோக்கதுக்கு. நடுவுல கை எட்டுத தூரத்துக்கு. இது மூணும் மேலயிருந்து கீழ ஒத்தயடிப் பாதை மாதிரி வரும். ரெண்டு ஓரமும் ஒண்ணுக்கும் ஆகாத இடம். அங்கன மாட்டிக்கிட்டா கொடியில காயுத சேலைகூட ஆள் மாதிரி ஆடும். அதுக்குத்தான் கண்ணத் திருப்பாதிய, தலையத் திருப்புங்கன்னு சொன்னேன்.

— ஓரத்துல இல்ல. பாதைக்கு நேரா நிக்காவ. கலங்கல் இல்ல, தெளிவா.

— யாரு?

— ஹென்றியத் தெரியும்லா உங்களுக்கு? எங்க வீட்டுக்காரர.

— தெரியாமலா. கூலிங் கிளாஸ் என்கிட்டத்தான வாங்குவாரு. மாலத்தீவுல மாலிக்கு வெங்காயம் ஏத்திட்டுப் போன தோணி, ஒருத்தரும் கரைக்கு வரல. வருசம் எட்டு ஆயிருக்குமே.

— ஆயிட்டு. கோர்ட்டுல தீர்ப்பு வாங்கி, சாமியாரும் நாலு பேர விசாரிச்சு, சரி, இனி நீ கட்டிக்கலாம்னு சொன்ன பொறவுதான் எனக்கும் ஜெரால்டுக்கும் ஓலை வாசிக்க ஆரம்பிச்சாவ. உங்களுக்கு ஓலைன்னா தெரியாதுல்லா. கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கிழமை, பூசையில சாமியார் ரெண்டு பேரு பேரையும் வாசிப்பாவ. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிஞ்சவுக வந்து சொல்லுங்கன்னு கேப்பாவ.

— சரி.

— முதல் ஓலை அன்னைக்குத்தான் இந்தக் கண்ணாடியப் போட்டுட்டுப் போனேன். எம் பேர வாசிச்ச உடனே கோயில்ல எல்லாத் தலையும் எம் பக்கம் திரும்பிச்சி. எனக்கு வெக்கமாப் போயி, திறந்து கிடந்த பக்கத்து வாசல் வழியா வெளிய பாத்தேன். ரோட்டுக்கு அந்தாண்ட, கடல் பக்கத்துச் சுவரு ஓரமா ஒரு ஆம்பள நின்னாவ. முதுகு காட்டிக்கிட்டு, கடலப் பாத்துக்கிட்டு. அம்புட்டுத் தூரத்துலயும் சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டிக் கிடக்கது எனக்குத் தெரிஞ்சிது. சந்தோசமாக்கூட இருந்திச்சி. அண்ணாச்சி குடுத்த கண்ணாடி எவ்வளவு தூரம் எடுக்குன்னு நினைச்சேன்.

— கடல்ல இறங்கி ஏறுன எவனாவது இருக்கும். தூத்துக்குடியில நனைஞ்ச சட்டைக்கா பஞ்சம்?

— நானும் அப்பிடித்தான் நினைச்சேன். சாமியார் ஓலைய முடிச்சதும் அவுக திரும்பி நடந்து வர ஆரம்பிச்சாவ. ரோட்டுல ஒரு லாரி வந்துச்சி. லாரி போன பொறவு ஆளக் காணல.

— லாரிக்குப் பின்னால நடந்து போயிருப்பான்.

— ரெண்டாவது ஓலைக்கு உள்ள வந்துட்டாவ. கிராதிகிட்ட, அதான் நற்கருணைக்கு முட்டுக்கால் போடுத மரக் கம்பி, அதுகிட்ட நின்னாவ. நான் முன் பெஞ்சுல இருந்தேன். கையை நீட்டுனாத் தொட்டிரலாம். கண்ணாடியோட மேல் பாகத்துல பாத்தா ஒரே கலங்கல். நடுப் பாகத்துல பாத்தா நெஞ்சும் கையும் சுத்தமாத் தெரியிது. கை விரல் எல்லாம் தண்ணியில ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கு. பக்கத்துல விஜிலா மதினி இருந்தா. ஹென்றியோட கூடப்பிறந்த அக்கா. அவ கையப் பிடிச்சி, மதினி அங்கன யாரு நிக்கான்னு கேட்டேன். மெழுகுதிரித் தண்டத் தவிர ஒண்ணும் நிக்கலன்னு சொன்னா.

— அந்தம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல மனத்தாங்கல் ஏதும் உண்டா?

— அவதான் அண்ணாச்சி முதல்ல பேச்செடுத்ததே. எந் தம்பி வர மாட்டான், நீ எத்தன வருசம் தையல் மிஷினோட குடும்பம் நடத்துவன்னு என்னைத் திட்டித்தான் சம்மதிக்க வச்சா. அன்னைக்குப் பூசை முடிஞ்சி வெளிய வந்து எல்லாத்தையும் சொன்னேன். பொறவு சொல்லுதா, அவன் வந்தாம்னா எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிடுதேன்னு. சொல்லிட்டு வீட்டுக்குப் போயி அழுதுருக்கா. அவ மக சொன்னா.

— கழட்டுங்க அதை. பாப்போம். கழட்டுனா ஆளு தெரியிதா?

— கழட்டுனா எல்லாம் மேகந்தான். சின்ன வயசுலயே எனக்குத் தூரத்துல தெரியாதுல்லா. அவுகளும் மேகம், நீங்களும் மேகம்.

— உள்பக்கம் என்ன இது, வெள்ளையா? உப்பு படிஞ்சிருக்கே.

— வரும்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவித் தொடச்சேன்.

— வேர்வை. இந்த ஊருக் காத்துல எதுதான் உப்பில்லாம இருக்கு? உப்பளத்துக்காரங்க வந்தா நான் கண்ணாடியத் தொடைக்கதுக்கு முந்தி கரண்டியால சுரண்டணும். இந்தாங்க, மாட்டுங்க. மையப் புள்ளி சரியா விழுதான்னு பாக்கேன். நேரா என் மூக்கப் பாருங்க. ம். வலது சரி. இடதும் சரி. ஒரு நூல்கூட மாறல.

— மாறாதுன்னு எனக்குத் தெரியும். கோடு போட்டது குடுங்க அண்ணாச்சி. அதுல தூரமும் பக்கமும் மட்டுந்தான உண்டு, நடு கிடையாதுல்லா. நடுவுல நிக்கதுக்கு அவுகளுக்கு இடம் இருக்காதுன்னு நினைச்சேன். ஆனா இப்ப அதுவும் பிரயோசனப்படுமான்னு தெரியல.

— ஏன்?

— நடுவத் தாண்டி வந்துட்டாவ.

— என்ன சொல்லுதிய?

— வியாழக்கிழமை ரவிக்கை தைக்க உக்காந்தேன். ஊசி கோக்கக் கீழ் பாகத்துல பாக்கேன். நூலுக்குப் பக்கத்துல சட்டைப் பித்தான். பித்தான் ஓட்டைக்குள்ள போற நூலு வரைக்கும் எண்ணலாம் போல இருக்கு. அன்னையிலிருந்து தலையக் குனிஞ்சமானைக்கே இருக்கேன். சோத்துத் தட்டப் பாத்தா நடுவுல சட்டை. செபப் புத்தகத்த விரிச்சா எழுத்துக்கு முன்னால சட்டை.

— முகத்தப் பாத்தியளா?

— பாக்க முடியல. முகம் மட்டும் எப்பவும் கலங்கிருது.

— அது கலங்கத்தான் செய்யும். ஒருத்தர் இம்புட்டுக் கிட்ட வந்து நின்னா நெஞ்சு கீழ் பாகத்துல விழும், முகம் மேல் பாகத்துல விழும். மேல் பாகம் தூரத்துக்குள்ளது. கிட்ட இருக்க முகம் அதுல எப்பிடித் தெரியும்? ரெண்டாவது ஓலையிலயும் அதே கதைதான். கணக்கு அப்பிடியே பொருந்துது. சே, நான் என்ன, நிசமா ஒருத்தர் நிக்க மாதிரியே சொல்லிட்டிருக்கேன்.

— கண்ணாடிக்கு அவுக நிசந்தான் அண்ணாச்சி. அதுக்குப் பொய் சொல்லத் தெரியுமா? தூரத்துல நிக்கும்போது மேல காட்டிச்சி. பக்கத்துல வந்ததும் கீழ காட்டுது. மனசுக் கோளாறுன்னா எல்லாப் பாகத்துலயும் ஒண்ணு போலத் தெரியணும்லா.

— ஜெரால்டுகிட்டச் சொன்னியளா?

— செவ்வாக்கிழமை மாலியிலிருந்து பேசுனாரு. சரக்கு இறக்கியாச்சி, கெளம்புதோம், மூணாவது ஓலைக்கு நானே வந்து உம் பக்கத்துல உக்காருவேன்னு சொன்னாரு. தோணிய ஓட்டிட்டு வார தண்டல் அவரு, ஆள் அம்புட்டையும் கரை சேக்கணும். இதப் போயி எப்பிடி அவருகிட்டச் சொல்ல? அதுக்குப் பொறவு நடுக்கடல்ல சிக்னல் கிடையாது.

— நல்ல மனுசன் ஜெரால்டு. அலட்டல் இல்லாதவரு.

— இந்தக் கண்ணாடிக்கு முந்தி, பழைய தூரக் கண்ணாடியோட எனக்கு ஊசி கோக்க முடியாம இருந்திச்சில்லா. ஒவ்வொரு பயணத்துக்கும் போறதுக்கு முந்தி வந்து, வாசல்ல நின்னுக்கிட்டே வரிசையா ஊசி கோத்து, துணி உருண்டையில குத்தி வச்சிட்டுப் போவாரு. கலர் கலரா. நான் வார வரைக்கும் இது போதும்பாரு. கல்யாணப் பேச்செல்லாம் அதுக்குப் பொறவுதான். எட்டு வருசத்துல எனக்கு வாழணும்னு ஆசை வந்தது அந்த ஊசியப் பாத்துத்தான் அண்ணாச்சி. யார்ட்டயும் சொன்னதில்ல.

— அப்ப வாழுங்க. யாரு வேண்டாம்னா?

— தடை தெரிஞ்சவுக வந்து சொல்லுங்கன்னு சாமியார் கேக்காவ. அவுக வாராவ. ஒவ்வொரு ஓலைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வாராவ. நாளைக்கு மூணாவது ஓலை. ஹென்றி வேண்டாம்னு சொல்லத்தான் வாராவன்னா, நான் இன்னைக்கே சாமியார்ட்டப் போயி நிறுத்திருவேன். செத்தவுக சம்மதம் இல்லாம எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம். உங்ககிட்ட வந்ததே அதுக்குத்தான். கண்ணாடியில கோளாறுன்னு ஒரு வார்த்தை சொன்னியன்னா நிம்மதியா வீட்டுக்குப் போவேன்.

— கோளாறு இல்ல தங்கச்சி. இருக்குன்னு பொய் சொல்லலாம். தொழில்ல நான் அதைச் செய்ததில்ல.

— அப்ப சாமியார்ட்டப் போறேன்.

— நில்லுங்க. உக்காருங்க சொல்லுதேன். முகத்தப் பாக்காமலே ஹென்றிதான்னு எப்பிடி முடிவு பண்ணிய? ஹென்றி அப்பிடிச் சட்டை போட்டுட்டா போனாரு?

— எந்தச் சட்டை போட்டுட்டுப் போனாவன்னு எனக்கு நினைவே இல்ல. அதுதான் எனக்குப் பெரிய வெக்கம். ஆனா தண்ணியில கிடந்து எனக்காக வார ஆளு வேற யாரு இருக்கா?

— இப்ப இருக்காரா?

— இருக்காவ.

— எங்கன?

— உங்க மேசைக்கும் எனக்கும் நடுவுல. எழுத்து அட்டையப் பிடிச்சிருக்கியளே, அதுல கடைசி வரியெல்லாம் மறைஞ்சிருக்கு.

— எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்களும் நானும் மேசையும்தான் இருக்கோம். சரி, கேட்டியளா. பக்கத்துல உள்ளதப் பாக்கணும்னா கண்ணத் தூக்கக்கூடாது. கண்ணு அங்கனயே இருக்கட்டும், நாடியத் தூக்கணும். முகத்த அண்ணாந்தா, கீழ் பாகம் மேல ஏறும். முகம் அதுல விழும்.

— அது எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்லிக் குடுத்திய.

— தெரிஞ்சா ஏன் செய்யல?

— பயமா இருக்கு. எட்டு வருசம் தண்ணியில கிடந்த முகம் எப்பிடி இருக்கும்? அதுல கோவம் இருந்தா நான் என்ன செய்வேன்?

— கோவமா, சம்மதமான்னு பாக்காம ஒரு வாழ்க்கைய நிறுத்தப் போறியளே, அதுக்குப் பயமா இல்லியா? நான் இங்கனதான் இருக்கேன். எங் கையப் பிடிச்சிக்கிடுங்க. மெல்லத் தூக்குங்க.

— உங்க கை சுடுது அண்ணாச்சி.

— உங்க கைதான் சில்லுன்னு இருக்கு. தூக்குங்க. கண்ண அசைக்காண்டாம்.

— மேல் பித்தான் தெரியிது. அது பிஞ்சு போச்சி.

— இன்னும் கொஞ்சம்.

— கழுத்து. தண்ணி சொட்டுது. ஆனா எட்டு வருசம் ஊறுன தோலா இல்லியே அண்ணாச்சி. நேத்து முந்தாநாளு தண்ணியில விழுந்தாப்ல இருக்கு.

— இன்னும். அவ்வளவுதான். இப்ப முகம் விழணும். விழுதா? பிளாரன்ஸ்? கோவமா இருக்காரா?

— கோவம் இல்ல. எங்கிட்ட என்னமோ சொல்ல வாராப்ல இருக்கு. வாயில தண்ணி.

— ஏளா, ஏன் எந்திரிக்கிய? ஹென்றி வேண்டாம்னு சொல்லுதாரா?

— இது ஹென்றி இல்ல. அண்ணாச்சி, பழைய ஹார்பர்ல உங்களுக்குத் தெரிஞ்சவுக யாரும் இருந்தா உடனே போன் போட்டுக் கேளுங்க, ஜெரால்டு தோணி எங்கன வருதுன்னு.