பரிசோதனைத் துண்டு

என் பெயரும் விலாசமும் மேலே குறித்தபடி சரி. வயது நாற்பத்தொன்று. நெல் உமித்தூளையும் பழைய பிளாஸ்டிக்கையும் உருக்கிச் சுவர்ப் பலகை செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கலவை இயந்திரம் ஓட்டுகிறேன். தூளைத் தீத்தடுப்பு மருந்தில் ஊறவைத்து, உலர்த்தித்தான் பிளாஸ்டிக்கோடு சேர்க்க வேண்டும். அப்படிச் செய்த பலகையில் தீ பட்டால் மேலே கருகும், பரவாது.

இரண்டு மாதத்துக்கு முன் உலர்த்தும் இயந்திரம் பழுதாகிவிட்டது. ஈரத் தூளைப் போட்டால் பலகை கொப்புளம் கொப்புளமாக வரும். அதனால் சூப்பர்வைசர் வந்து, "நாலு நாளைக்கு ஊறப்போடாமலே ஓட்டுங்க, எவன் பார்க்கப்போறான்" என்றார். நான் மறுக்கவில்லை. பலகை முன்னைவிட வழவழப்பாகவே வந்தது. அதன் பிறகு தீப் பரிசோதகர் துண்டு கேட்டபோது, என் பெட்டியில் இருந்த, மருந்தில் ஊறிய பழைய நல்ல துண்டைக் கொடுத்தேன். அவசரத்துக்கு அப்படி ஒன்றை வைத்திருப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அவர் எரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு, முனை உடைந்த பலகைகளை வேலையாட்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த நாலு நாள் பலகையில் எட்டை எடுத்துப் போய், என் தங்கை குடியிருந்த மூன்றாம் மாடி அறைக்குத் தடுப்புச் சுவர் வைத்தேன். வீட்டுக்குள் யார் தீ வைக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவள் லேசில் எதையும் நம்பமாட்டாள். "பிளாஸ்டிக்குன்னு சொல்றியே, பத்திக்காதா?" என்றாள். சட்டைப்பையில் இருந்த அதே துண்டை எடுத்து லைட்டரைப் பிடித்துக் காட்டினேன். சிரித்தாள், நம்பிவிட்டாள்.

சென்ற செவ்வாய் காலை பத்தே காலுக்கு அவள் போன் செய்தாள். "அண்ணே, பக்கத்து ரூம்ல தீ. கீழே ஓடவா, உள்ளேயே இருக்கவா? நீ வச்ச சுவருதானே, தாங்கும்ல?"

அப்போது கம்பெனியில் பரிசோதகர் மறுபடி வந்து என் எதிரில் நின்று அடுத்த துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். ஓடு என்று சொன்னால் அவரும் ஏன் என்று கேட்பார். "தாங்கும், கதவைச் சாத்திக்கோ" என்றேன். அந்த நாக்கு அழுகிப் போகட்டும். அந்த மாடியில் கீழே ஓடியவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அவளைத் தடுப்புச் சுவர் இருந்த இடத்தில் கண்டெடுத்தார்கள்.

அது எந்த வாரத்துப் பலகை என்று போனில் பேசும்போது ஞாபகம் வரவில்லை என முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். அதை அடித்துவிட்டு, ஞாபகம் வந்தது என்று எழுதுங்கள்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. அந்தத் துண்டையும் மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஓரம் மட்டும்தான் கருகியிருக்கிறது.

(கையொப்பம்)