பொட்டலத்தின் முதுகு

கையில் மணியை வைத்துக்கொண்டு, நான் வாயைத் திறக்குமுன்பே என்னைச் சந்தேகத்தோடு பார்க்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் பொறுமையே உருவாக வீற்றிருக்கும் பெரியோர்களே, வீட்டில் ஒருவரையும் மேடையில் என்னையும் சகித்துக்கொள்ளும் தாய்மார்களே, மை காயாத கைகளோடு வந்திருக்கும் அச்சுக்கூடத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாம் யார்? ஊருக்கெல்லாம் தின்பண்ட உறை அச்சடிப்பவர்கள். மின்னும் மஞ்சளும் மிளிரும் சிவப்பும் நம் கைவண்ணம். ஆனால் அந்த உறையின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் யார் படித்தோம்? எழுத்து கலங்காமல் விழுந்ததா என்று பார்த்தோம். என்ன எழுத்து என்று பார்த்தோமா?

(பின்வரிசையில் ஒருவர் “கண்ணாடி இல்ல” என்கிறார். எனக்கு இருக்கிறது ஐயா, இருந்தும் படிக்கவில்லை.)

மெய்ப்புப் பார்க்க ஒரு தங்கை புதிதாக வந்தார். நம் தேநீர் வேளை வழக்கம் உங்களுக்குத் தெரியும். யார் எதை வாங்கி வந்தாலும் பிரித்துப் பெரிய தகர டப்பாவில் கொட்டிவிட வேண்டும். தனிப் பொட்டலம் வைத்துத் தின்பவன் நம் கணக்கில் கஞ்சன். இந்தத் தங்கையோ டப்பா நீளும்போதெல்லாம் “வேண்டாங்க” என்றார். உடனே “பெரிய இடம் போல” என்றது ஒரு வாய். “நம்ம கை அழுக்குன்னு நினைக்குது” என்றது இன்னொரு வாய். இந்த வம்பெல்லாம் என் காதுக்குக் கடைசியாகத்தான் வந்தது. அதைவிட அவமானம் எனக்கு வேறு உண்டா?

நம் இயந்திர ஓட்டுநர், அந்தப் பெரிய மனசுக்காரர், நேரே போய்க் கேட்டுவிட்டார். தங்கையும் சொன்னார். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறதாம். அது அவர் குடலுக்கு எதிரி. துணுக்கு போதும், சுருண்டு படுத்துவிடுவாராம்.

“அவ்வளவுதானே, கடையில இல்லாததா?” என்று ஓட்டுநர் என்னை இழுத்துக்கொண்டு போனார். அரிசிப் பொரி எடுத்தோம், அதில் பார்லி மால்ட். உருளைக்கிழங்கு வறுவல் எடுத்தோம், அதன் மசாலாவில் கோதுமை மாவு. வெறும் கடலைதானே என்று எடுத்தால், கோதுமை கையாளும் ஆலையில் தயாரானது என்று ஒரு வரி, எறும்பு கண்ணாடி போட்டுப் படிக்கும் அளவில். முன்பக்கம் முழுக்க ஆரவாரம், பின்பக்கம் மூலையில் உண்மை. எங்களைப் பார்த்துக் கடைக் காவலாளிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடலைப் பொட்டலத்தை ஓட்டுநர் திரும்பப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. “அண்ணே, இது நம்ம மிஷின்ல ஓடுனது. இந்தப் பச்சை சரியா வரணும்னு எவ்வளவு மல்லுக்கட்டினேன் தெரியுமா. அந்த வரி கண்ணுலயே படலண்ணே.”

கடைசியில் அடித்தட்டில் ஒரு பொட்டலம் கிடைத்தது. குளூட்டன் இல்லை என்று முன்னும் சொன்னது, பின்னும் சொன்னது. புதையல் எடுத்தவர்கள் போல வந்தோம். மறுநாள் தேநீர் வேளை. ஓட்டுநர் பொட்டலத்தை எல்லோருக்கும் காட்டினார். பிறகு, கை பழகிய பழக்கம், பாசம் வேறு பொங்குகிறது, சரக்கென்று கிழித்தார், டப்பாவில் கொட்டினார். ஏற்கெனவே கிடந்த பிஸ்கட் தூளின் தலைமேல்.

“உனக்காகத்தாம்மா. அள்ளி எடு.”

தங்கை டப்பாவைப் பார்த்தார். காலி உறையை எடுத்து நீவிவிட்டுப் படித்தார். “நல்ல பொட்டலம்ணே. தேடிப் பிடிச்சிருக்கீங்க. ஆனா இதுல விழுந்ததும் எனக்கு இல்லாம போச்சு.”

“தூள்தானேம்மா. கண்ணுக்கே தெரியலையே.”

“எனக்கும் தெரியாதுண்ணே. சாயங்காலம் வயிறு சொல்லும்.” உறையை மடித்தபடியே சொன்னார்: “மாசக் கடைசியோட நின்னுக்கலாம்னு இருக்கேன். வேலை பிடிச்சிருக்கு. தினமும் உங்க எல்லாருக்கும் வேண்டாம்னு சொல்றதுதான் முடியல.”

ஓட்டுநர் அன்று தேநீர் குடிக்கவில்லை.

தோழர்களே, பகிர்வது பண்பு, யார் மறுப்பார்? ஆனால் ஒரு டப்பாவில் எல்லோரும் கைவிட்டால்தான் உறவா? கொட்டிக் கொடுத்தால்தான் கொடையா? கட்டியது கட்டியபடி, பிரிக்காமல், ஒருவர் கையில் கொடுத்து அவர் படிக்கும்வரை பொறுத்திருப்பதற்குப் பாசம் என்று பெயரில்லையா? நம் தங்கைக்கு வேண்டியது விருந்தா? பிரிக்காத ஒரு பொட்டலம். நம்மால் முடியாததா அது?

ஆகவே முன்மொழிகிறேன். இனி யாரும் எதையும் கொட்டக் கூடாது. பொட்டலம் பொட்டலமாகவே வரட்டும். அவருக்கு ஆகும் பொட்டலத்தில் முதல் கை அவருடையதாக இருக்கட்டும்.

(டப்பாவை என்ன செய்வது என்கிறீர்களா? மை துடைக்கும் துணி போட்டு வையுங்கள். சம்மதமென்றால் கை தூக்குங்கள். ஓட்டுநர் ஐயா, இரண்டு கை தூக்கினாலும் ஒரு வாக்குத்தான்.)

நிறைவேறியது. இதோ, ஓட்டுநர் பிரிக்காத பொட்டலம் ஒன்றோடு எழுந்து மூன்றாவது வரிசைக்குப் போகிறார். “நீயே பிரிம்மா” என்கிறார். தங்கை வாங்கித் திருப்பிப் பார்க்கிறார். சின்ன எழுத்து, நேரமாகும். தலைவர் அவர்களே, மணியைச் சற்றுக் கீழே வையுங்கள். தேநீர் ஆறினால் ஆறட்டும். அவர் படித்து முடிக்கும்வரை இந்த அவை காத்திருக்கும்.

காத்திருக்கும் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.