நாலு விரல் இடைவெளி

மாலை ஆறரை மணி. ஊரை விட்டு விலகிப் போகிற சாலை... கடைசித் தெருவிளக்கையும் தாண்டினால் ஒரே ஒரு வீடு. சிரிக்காதீர்கள். கரண்ட் போனதும் பேய்க்கதை கேட்டது நீங்கள்தான். இதோ, இந்த ஜன்னல் ஷேட், சுருட்டி ஏற்றி இறக்குகிற திரை, பாதியில் நிற்கிறதே, அதைப் பார்த்ததும்தான் எனக்கு இது ஞாபகம் வந்தது.

என் நண்பனின் சகலைக்கு நடந்தது. அவருக்கு மோட்டார் ஷேட் மாட்டுகிற வேலை. ஷேட் மேலே எங்கே நிற்க வேண்டும், கீழே எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குப் பழக்கிவிட வேண்டும். லிமிட் வைப்பது என்பார்கள். சரியாகப் பதிந்துவிட்டால் ஷேட் இரண்டு முறை உதறும். தலையாட்டுகிற மாதிரி. "நான் வெச்ச லிமிட் மயிரிழை நகராது" என்பார் மனிதர். கொஞ்சம் வாய்க்கொழுப்பு.

அந்த வீட்டில் கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு பெண். கணவருக்கு அவள் இரண்டாவது. படுக்கையறை ஷேட் அடிவரை இறங்காமல் நாலு விரல் மேலேயே நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டிருந்தாள். சகலை டேப்பை வைத்து அளந்தார். ஏழரை சென்டிமீட்டர். ஏழரை அங்கேயே ஆரம்பித்துவிட்டது, போங்கள்.

ஷேட்டை அடிவரை இறக்கி லிமிட் வைத்தார். இரண்டு உதறல். கிளம்பிவிட்டார்.

நாலாம் நாள் மறுபடியும் போன். போய் அளந்தால் அதே ஏழரை. மோட்டார் கெட்டால் ஒரு நாள் மூன்று விரல் நிற்கும், ஒரு நாள் ஆறு விரல். இப்படி அச்சடித்தது போல நிற்காது. குனிந்தவர் அந்த இடைவெளி வழியாக வெளியே பார்த்தார். வாசல் கேட் தெரிந்தது. கேட் மட்டும்தான் தெரிந்தது.

"மூத்தவ ரெண்டு வருஷம் இந்த ஜன்னலடியிலதான் படுத்துக் கெடந்தாளாம்" என்றாள் அந்தப் பெண். "அவர் வர்றதைப் படுத்துக்கிட்டே பாக்க இப்படி வெச்சிருந்தாங்களாம். நான் கட்டிலை அந்தப் பக்கம் மாத்திட்டேன். என்ன பிரயோஜனம்? இன்னிக்கும் கேட்டைத் திறந்ததும் அவர் கண்ணு முதல்ல இங்கதான் வருது. நான் வாசல்லயே நிக்கிறேண்ணா. என்னைப் பாக்க மாட்டேங்கிறார்."

சொல்லும்போது அவள் உதடு துடித்ததாம். செத்தவள் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கம் வேறு.

"வேற ரிமோட் ஏதும் இருக்காம்மா?"

"ஒண்ணு இருந்துச்சாம். அவளை எடுக்கும்போது அவ கையிலயே வெச்சு அனுப்பிட்டாராம்."

சகலைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். மோட்டாருக்குத் தெரிந்த ரிமோட் எல்லாவற்றையும் மறக்கடித்தார். அந்தப் பெண்ணின் ரிமோட்டை மட்டும் புதிதாகப் பழக்கினார். லிமிட் வைத்தார். ஷேட் இரண்டு முறை உதறியது. கொஞ்சம் பொறுத்து... மெதுவாக... மூன்றாவது முறை.

"காத்தா இருக்கும்" என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது.

இரண்டு வாரம் சத்தமில்லை. "என்ன, உங்க ஜன்னல்காரி கூப்பிடவே இல்லை?" என்று வீட்டில் அவர் மனைவி குத்திக்காட்டக்கூட ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. அந்தப் பெண்தான்.

"அண்ணா... கொஞ்சம் தூக்கி வைக்கணும்."

போனார். கட்டில் திரும்ப ஜன்னலடிக்கே வந்திருந்தது. அவள் படுத்திருந்தாள். வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவே இல்லையாம். அறை முழுக்கத் தைல வாசனை.

"அவர் இப்பல்லாம் லேட்டா வர்றார். யார்கூட வர்றார்னு எனக்குத் தெரியணும்."

தலையணைக்கு அடியில் துழாவி ஒரு ரிமோட்டை எடுத்து நீட்டினாள். இறக்குகிற பட்டன் மேல் பழுத்துப்போன பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சகலை அதைக் கவனித்தபடியே வாங்கிக்கொண்டார். ஷேட்டை ஏற்றினார். "இன்னும்... இன்னும்... போதும்" என்றாள். டேப்பை வைத்தார்.

ஏழரை.

இரண்டு உதறல். மூன்றாவது வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரவில்லை. அப்பாடா என்று வெளியே வந்துவிட்டார்.

வாசலில் அவள் கணவர் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். வழக்கம்போல அவர் கண் ஜன்னலுக்குப் போனது. சகலையும் திரும்பிப் பார்த்தார். இடைவெளியில் அந்தப் பெண்ணின் கண்கள். கணவர் அவளைத்தான் பார்த்தார். அவளையே பார்த்துச் சிரித்தார். பாவம், ஆறு மாதமாக அவள் காத்துக்கிடந்தது அந்த ஒரு பார்வைக்குத்தான்.

அப்போது சகலையின் சட்டைப் பைக்குள்ளே... 'டிக்.'

பட்டன் அமுங்கிய சத்தம். அது நெஞ்சிலே பட்டதாம். அப்போதுதான் உறைத்தது, ரிமோட்டை மறதியாகப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்புதான்.

ஷேட் இறங்கியது. விர்ர்ர்ரென்று, நிதானமாக. அந்தக் கண்கள் மறைந்தன. வைத்த லிமிட்டைத் தாண்டி அடிவரை போய் நின்றது.

உள்ளேயிருந்து அலறல். "அண்ணா! மூடாதீங்கண்ணா! அவர் என்னைத்தான் பாத்தார்!"

ரிமோட்டை எடுத்துக் கணவரிடம் நீட்டினார் சகலை. "தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன் சார்."

கணவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்திரியை விரலால் தடவினார். முகம் வெளுத்துவிட்டது.

"இருட்டுல பட்டன் தெரியணும்னு இதை நான்தான் ஒட்டினேன்... இதை அவ கையில வெச்சுத்தானே அனுப்பினேன்?"

ரிமோட் இப்போது கணவரின் விரிந்த உள்ளங்கையில் இருந்தது. ஒரு விரல்கூட அதன் மேல் இல்லை.

பிளாஸ்திரி மெல்லக் குழிந்தது.

'டிக்.'

அங்கே ஜன்னலில், அடிவரை மூடிய ஷேட் இரண்டு முறை உதறியது.