வாசல்படி தாண்டாத பூனை

என் பெயர் பெக்கிதெம்பா சிபண்டா. வயது 68. புலவாயோ நகர ரயில்வே குடியிருப்பில் நான்காம் பிளாக், தரைத்தளம், மூன்றாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். சிக்னல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்து ஒன்பது வருடமாகிறது. மகள் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறாள். என்னுடன் துலி என்ற சாம்பல் நிறப் பூனை இருந்தது.

இறந்துபோன சிபாத்திசிவே மோயோ எதிர்வீட்டு அம்மா. மாமோயோ என்று கூப்பிடுவோம். அவர் என்னை பாபா, அதாவது அப்பா, என்பார். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து என் வீட்டில் தேநீர் குடிப்பார். வேறு யாரும் என் வீட்டுக்கு வருவதில்லை.

சென்ற ஆகஸ்டில் எங்கள் தெருமுனையில் நாய், பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போட்டார்கள். மாமோயோ, "பாபா, துலியை ஒரு பையில போட்டுத் தூக்கிட்டுப் போங்க" என்றார். "அது வாசப்படியே தாண்டாது. அதுக்கு எங்கேர்ந்து வெறி வரும்?" என்றேன். "வெறி என்ன, கதவைத் தட்டிட்டா வரும்?" என்று சிரித்தார். நான் போகவில்லை.

அதன் பிறகு செப்டம்பர் கடைசியில் ஒரு பகலில் குளியலறைச் சாக்கடைத் துவாரம் வழியாகக் கீரி ஒன்று உள்ளே வந்து துலியைக் கடித்தது. துடைப்பத்தால் அடித்து விரட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு நவம்பர் இரண்டாம் ஞாயிறன்று, வழக்கமாக மாமோயோவின் மடியில் படுக்கும் துலி அவர் கட்டைவிரலைக் கடித்தது. ரத்தம் வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகணுமா பாபா?" என்று கேட்டார். "வீட்டுப் பூனைதானே, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அதன் பிறகு துலி கட்டிலடியில் ஒளிந்து, எச்சில் வடித்து, வியாழக்கிழமை செத்தது. பின்புறம் புதைத்தேன். அடுத்த ஞாயிறு மாமோயோ துலியைத் தேடினார். உள்ளறையில் அடைத்திருப்பதாகச் சொன்னேன். "அதுக்கு எம்மேல இன்னும் கோபமா?" என்றார். செத்துவிட்டது என்றால் பயந்துபோய் இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அதன் பிறகு வந்த ஞாயிறுகளிலும் அப்படியே சொன்னேன்.

டிசம்பர் 22ஆம் தேதி மாமோயோ தேநீரை வாய்வரை கொண்டுபோனார். தொண்டை இறுகிக் கோப்பையைக் கீழே வைத்தார். மூன்று முறை முயன்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். வாடகைக் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இனி ஊசி போட்டுப் பயனில்லை என்றார்கள்.

மாமோயோ என்னைத் திட்டவில்லை. "உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேனே, பாபா" என்றார். 26ஆம் தேதி காலை இறந்தார்.

இது போலீஸ் விசாரணையில் யாரும் வற்புறுத்தாமல் நானே சொன்னது. படித்துக்காட்டக் கேட்டேன். சொன்னபடியே இருக்கிறது. திருத்த ஒன்றுமில்லை.

(ஒப்பம்) பெ. சிபண்டா