இடது பக்கத்து ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்கப் போகிற ஆண்கள் மனைவியை உடன் அழைத்துப் போகக் கூடாது என்பது என் அபிப்பிராயம். புடவைக் கடைக்கு நாங்கள் அவர்களை அழைத்துப் போகிறோமே என்று கேட்கலாம். அங்கே அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கலர் குடிப்பதோடு சரி. கடைக்காரர் முன்னால், "இந்த ரெண்டு நீலத்துக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க பாப்போம்" என்று நாங்கள் யாரும் பரீட்சை வைப்பதில்லை.

என் பெயர் நீலாயதாட்சி. தலத்தெருவில் வீடு. என் கணவர் தியாகராசன் காரைக்கால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்களைப் பற்றித் தெருவில் விசாரித்தால் ஒற்றுமையான தம்பதி என்றுதான் சொல்வார்கள். யாரும் வேறு மாதிரி சொல்லப் போவதில்லை என்பதால் நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது.

அவருடைய காதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பம்பாயிலிருந்து வரும் ட்ரங்க் கால், வழியெல்லாம் மழை, லைனில் அப்பளம் பொரிகிற சத்தம். அதற்குள்ளிருந்து ஒருவர் சொல்லும் நம்பரை ஒரே தடவையில் பிடித்துவிடுவார். பதினெட்டு வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை. அந்தக் காதை அவர் வேலை முடிந்ததும் ஆபீஸில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. வீட்டுக்கும் கொண்டுவந்தார். கொல்லைச் சுவரோரம் நின்று நான் பக்கத்து வீட்டு அன்னபூரணியிடம் என் நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அது கூடத்தில் பேப்பர் படிக்கிறவருக்குப் போய்விடும். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்பார்.

"எங்க அக்காவுக்கு வாய் நீளம்னியே, எத்தன அடி இருக்கும்?"

கோபமாகக் கேட்க மாட்டார். அவருக்குக் கோபமே வராது. நான் பெருமூச்சு விட்டால் இரண்டு அறை தள்ளியிருந்து என்ன என்று விசாரிப்பார். பத்தொன்பது வருஷம் அந்த வீட்டில் எனக்கென்று ஒரு முணுமுணுப்பு இருந்ததில்லை. இதையெல்லாம் ஒரு குறையாக யாரிடம் போய்ச் சொல்வது. சொன்னாலும் அவருக்குக் கேட்டுவிடும்.

எண்பத்தைந்தில் டிவி வாங்கினோம். மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டி, இலங்கை ரூபவாஹினி பார்த்தோம். அடுத்த வருஷம் வீடியோ டெக் வந்தது. வீட்டிலேயே படம் போட்டுப் பார்த்த அன்றைக்குத் தெருவே சந்தோஷப்பட்டது, அவர் ஒருவரைத் தவிர. டிவியில் வருகிற சத்தம் சத்தமே இல்லை என்றார். படம் மட்டும் தியேட்டரில் இருக்கிறது, சத்தம் தகர டப்பாவில் இருக்கிறது என்றார். நல்ல ஆம்ப்ளிஃபையர் ஒன்று, இடது பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலது பக்கம் ஒரு ஸ்பீக்கர் வைத்துவிட்டால் எங்கள் கூடமே தியேட்டர் ஆகிவிடும் என்று முடிவு செய்தார்.

அந்த முடிவிலிருந்து பெட்டி வீட்டுக்கு வரப் பதினோரு மாதம் ஆயிற்று. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட என் அப்பா பதினோரு நாள்தான் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு வீணை கேசட்டைச் சட்டைப்பையில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்புவார். நாகூர்க் கடைகள், பாண்டிச்சேரிக் கடைகள், ஒரு தடவை மெட்ராஸ். எல்லாக் கடையிலும் அந்த ஒரே கேசட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கடைக்காரர்கள் முதலில் மரியாதையாகவும் பிறகு பரிதாபமாகவும் பார்ப்பார்கள்.

நாகூரில் ஒரு கடை. இரண்டு ஜோடி ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம் எது தேவலை என்று கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது, அப்படியே சொன்னேன். அவர் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"இவ காது தோடு போடறதுக்கு மட்டும் வெச்சதுங்க."

கடைக்காரர் சிரித்தார். டார்ச்சுக்கு பேட்டரி வாங்க வந்து நின்ற ஒரு ஆளும் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் நன்றாக இருக்காது. அப்புறம், பேச்சுக்குத்தான், ஒரு வார்த்தை சொன்னேன்.

"இல்லைங்க, அந்த ரெண்டாவதுல பின்னாடி கொலுசு மாதிரி மெல்லிசா ஒண்ணு வந்துச்சே. உங்களுக்குக் கேக்கலையா?"

அப்படி ஒரு சத்தமும் வரவில்லை. அவர் கேசட்டைத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை ஸ்பீக்கர் பக்கத்தில் குனிந்து காதை வைத்தார். அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சுண்டு விரலைக் காதுக்குள் விட்டு ஆட்டிக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று மாலை கொல்லையில் நின்று அன்னபூரணியோடு பேசியபோது, பேசி முடிக்கும்வரை கூடத்திலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை.

கடைசியில் பெட்டிகளை ஆஸியா பீவியிடம்தான் வாங்கினார். அந்தம்மாவின் மகன் சிங்கப்பூரில் இருந்தான். வந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்பும் சாமான்களை வீட்டிலேயே வைத்து விற்பார்கள். ஜப்பான் ஆம்ப்ளிஃபையர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். மைக்செட் வைத்திருக்கும் காத்தமுத்து வந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். நான் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று, பெட்டிக்குள் என்னதான் இருக்கும் என்று கேட்டேன். அவர் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். கீழே பெரியது, அது தடதடப்புக்கு. மேலே சின்னதாக இருப்பது ட்வீட்டர், மெல்லிய சத்தமெல்லாம் அதில்தான் வரும். அதற்குப் போவது ஒரே ஒரு சிவப்பு ஒயர். பலகைக்கு நான்கு திருகாணி.

என் கணவர் கூடத்துத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரம் அது. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கத் தெருவே வந்தாலும் அந்த வட்டத்தில் அவர் நாற்காலி மட்டும்தான்.

ஒரு மாதம் அவர் சந்தோஷமாக இருந்தார். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஒரு நாள், அவர் டியூட்டிக்குப் போயிருந்தபோது, இடது பக்கத்துப் பெட்டியின் நான்கு திருகாணியையும் கழற்றி அந்தச் சிவப்பு ஒயரை மட்டும் எடுத்துவிட்டேன். சாயங்காலம் அவர் படம் போட்டார். ஐந்து நிமிஷத்தில் நிறுத்தினார். இடது பக்கம் மந்தமாக இருக்கிறது என்றார். எனக்கு எப்போதும் போலத்தான் கேட்கிறது என்று சொன்னேன். என் காதைப் பற்றி அவருக்கே தெரியும், அதனால் அதைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் காத்தமுத்துவை வரச் சொல்லியிருந்தார். காத்தமுத்து வருவதற்குள் நான் ஒயரை மாட்டிவிட்டேன். போட்டுப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் மந்தம், மறுபடியும் காத்தமுத்து. மூன்றாவது தடவை அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. பொட்டி சரியாத்தான் இருக்கு. காத ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

இதைச் சொன்னது காத்தமுத்து. நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சில சமயம் சமையற்கட்டு வாசலில் நின்று உதட்டை மட்டும் அசைப்பேன். அவர் நிமிர்ந்து பார்த்தால், மூணு தடவை கூப்பிட்டுட்டேனே என்பேன். படம் பார்க்க வருகிறவர்களிடம், அவரிடம் கொஞ்சம் உரக்கப் பேசும்படி தனியாகச் சொல்லி வைத்தேன். மனுஷர்கள் நல்லவர்கள், ஒருவர் விடாமல் அவரிடம் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் கத்தினால் சந்தேகம் வரலாம். தெருவே கத்தினால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும்.

எக்ஸ்சேஞ்சில் அவர் ஒவ்வொரு நம்பரையும் இரண்டு தடவை கேட்கத் தொடங்கினார். பட்டினச்சேரி மீன் வியாபாரி ஒருவர் மங்களூர் கேட்டதற்கு, பதற்றத்தில் மதுரையைக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் லைனிலேயே திட்டியிருக்கிறார். அதை அவர் என்னிடம் வந்து சொன்னபோது சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கவில்லை. நான் மோர் கரைத்துக் கொடுத்தேன்.

தஞ்சாவூரில் காது டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டி, எல்லாம் பரிசோதித்தார்கள். டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, இருபது வயதுப் பையனுக்கு இருக்கிற காது, கவலைப்படாமல் போங்கள் என்றார். என் கணவர் எழுந்து நின்று கும்பிட்டார். வெளியே வந்து செருப்பு போடும்போதுதான் குடை உள்ளே இருப்பது தெரிந்தது. அதை நான் மறந்தேனா, வைத்துவிட்டு வந்தேனா என்று இப்போது நினைவில்லை. அவரை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. உடனே எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். டாக்டரிடம், என் சித்தி ஒருத்திக்குத் தலைசுற்றல், என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எனக்குச் சித்தி யாரும் இல்லை. வெளியே வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பஸ் மாயவரம் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"உள்ள உன்னத் தனியா கூப்ட்டு டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லைங்க."

"எங்கிட்ட மறைக்காத, நீலா."

"ஒண்ணுமே சொல்லலைங்க. சத்தியமா."

நான் சொன்னது முழு உண்மை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

அடுத்த மாதம் அவரே எழுதிக் கொடுத்துவிட்டு, லைன் கொடுக்கும் போர்டு வேலையிலிருந்து இறங்கினார். பழைய ரசீதுகளை அடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே போன் கிடையாது.

காது மெஷின் வாங்குவது என்று வந்தபோது அவர் என்னிடமே விட்டுவிட்டார். எந்தக் கடைக்கும் வரவில்லை, எதையும் போட்டுப் பார்க்கக் கேட்கவில்லை. நான் ஆஸியா பீவியிடம் போனேன். அந்தம்மாவின் வீட்டுக்காரர் போட்டிருந்த மெஷின் பீரோவில் சும்மா கிடந்தது. சட்டைப்பையில் வைக்கிற பெட்டி, அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயர். துணியில் சுற்றிக் கொடுக்கும்போது அந்தம்மா கையை எடுக்காமலேயே சொன்னார்கள்.

"இது பவரு ரொம்ப ஜாஸ்தி, நீலா. எங்க வூட்டு அவங்களுக்கு இடி இடிச்சாலும் கேக்காது, அதுக்குன்னு வாங்குனது. கொஞ்சம் கேக்குற காதுல போட்டா உள்ளதும் போயிரும்னு அந்த டாக்டரு சொன்னாராம். தியாகராசன் தம்பிக்கு டாக்டரக் கேட்டுட்டு வையிம்மா."

சரிங்கம்மா என்றேன்.

முதல் நாள் மாட்டியபோது அவர் துள்ளி எழுந்துவிட்டார். டம்ளர் வைக்கிற சத்தம் மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பழகும்வரை அப்படித்தான் இருக்குமாம் என்றேன். நல்ல சாமான் என்றால் பழக நாளாகும் என்பது அவருடைய கொள்கையும்கூட. அவர் மெஷினில் வால்யூமைக் குறைத்து வைப்பார். காலையில் சட்டையை எடுத்துக் கொடுக்கும்போது நான் கூட்டி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மாட்டிக்கொண்டே வட்டத்துக்குள் உட்கார்ந்து படம் பார்ப்பார். ஆம்ப்ளிஃபையர் பொறுப்பு இப்போது என்னிடம் இருந்தது. இரண்டு வருஷத்தில் டம்ளர் சத்தத்தைப் பற்றி அவர் குறை சொல்வது நின்றது. மூன்றாவது வருஷம் நான் கூட்டி வைப்பதை நிறுத்திவிட்டேன். அவரே கூட்டி வைத்துக்கொண்டார்.

சென்ற மாதம் பாண்டிச்சேரியில் வேறொரு டாக்டரிடம் காட்டினோம். இரண்டு காதிலும் நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். சத்தமான இடத்தில் வேலை பார்த்தீர்களா என்று எழுதிக் காட்டிக் கேட்டார். சட்டைப்பையிலிருந்த பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் கொடுத்தது என்று என்னிடம் கேட்டார். தெரிந்தவர்கள் என்றேன்.

வெளியே, வேப்பமரத்தடியில், என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்கு இப்போது தெரிவதில்லை.

"தஞ்சாவூர் டாக்டரு நல்லா இருக்குன்னான். நீ ஒருத்திதான் அப்பவே கண்டுபுடிச்ச நீலா. நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்."

போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கண் கலங்கியதுகூட எனக்குத் தெரிந்தது.

அவர் காது நல்ல காது. அதைக் கெடுத்தது நான். யாராவது கேட்டால் இதைச் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறேன், ஆனால் யாரும் கேட்பதில்லை. அதனால் போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரிடமே சொன்னேன். அவர் டிவியில் படம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் உதடு தெரியாதபடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் திரும்பி, மன்னிச்சிட்டீங்களா என்று கேட்டேன். நான் ஏதோ கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். காபி வேண்டுமா என்று கேட்கும்போது ஆட்டுகிற மாதிரியே தலையை ஆட்டினார்.

மன்னித்துவிட்டார். இருபத்து மூன்று வருஷத்தில் நான் ஆரம்பித்த பேச்சை அவர் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டது அன்றைக்குத்தான்.