லேசர் வைத்த முகம்

— இன்னா டாக்டரம்மா, பாத்துகினே கீறீங்க? எதுனா சொல்லுங்க. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி உங்க கையில ஒப்படைச்சப்போ எம் பொண்ணு மூஞ்சி இப்படியா இருந்துச்சு?

— ஒரு நிமிஷமுங்க, அஞ்சலையம்மா. தாட்சாயிணி, கொஞ்சம் இந்த வெளிச்சத்துப் பக்கம் திரும்பு கண்ணு. கன்னத்துல எரிச்சல் இருக்கா?

— இல்ல டாக்டர்.

— அவளுக்கு எரிச்சல் இல்ல, எனக்குத்தான் வவுறு எரியுது. பரு வந்து போன குழி மட்டும்தான் இருந்துச்சு அவளுக்கு. இப்போ நெத்தி, கன்னம், தாவாக்கட்டை எல்லாம் அடி புடிச்ச பாத்திரம் மாரி கீது. கிருஷ்ணப்பிரியா டாக்டர் கைராசின்னு சொல்லித்தான் இங்க வந்தோம். குழியத் தூக்கறேன்னு சொல்லிட்டு கரியப் பூசி அனுப்பிட்டீங்களே.

— நம்ம நிறத்துத் தோலுக்கு லேசர் வச்சா கருக்க வாய்ப்பிருக்குன்னு முதல் நாளே சொன்னனுங்களே. ரெண்டு மூணு நாள் சிவந்து வீங்கும், அப்புறம் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு பொருக்கு கட்டும், ஒரு வாரத்துல தானா உதிரும். நாலு தடவை வைக்கணும், அப்பவும் குழி பாதிக்கு மேலதான் சரியாகும், மொத்தமாப் போகாதுன்னும் சொன்னேன். எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்குங்களா?

— வெயில்ல போகாதேன்னு சொன்னீங்க. அத்தயே புடிச்சுகினு வராதீங்க. நான் கேக்குறேன், எந்த வெயில்? கம்பெனிக்கு லீவு போட்டுட்டு ஊட்டுக்குள்ளயே கெடந்தா. கடைக்குக் கூட நான் அனுப்பல. மூஞ்சில சூடு படக்கூடாதுன்னு ஒரு வாரம் அடுப்பாண்டையே வுடல அவள. சேக்காட்ல எங்க தெருவுல எவள வேணா கேளுங்க, எம் பொண்ண வெளிய பாத்தேன்னு ஒருத்தி சொல்லட்டும்.

— வெயிலுக்கான கிரீமை மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டாளா?

— நான் ஏழு மணிக்கெல்லாம் கெளம்பிடுவேன். அம்பத்தூர்ல ஐ.டி. கம்பெனில ஹவுஸ்கீப்பிங். பஸ் புடிச்சு ஊட்டுக்கு வர்றதுக்கு சாயந்திரம் ஆறாவும். ஆனா தெனம் கேப்பேன், போட்டியாடின்னு. போட்டேம்மான்னுதான் சொல்லும். எம் பொண்ணு பொய் சொல்ற பொண்ணு இல்ல.

— சரிங்கம்மா. முதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க. இது தழும்பு இல்ல, வெறும் கருப்புதான். ராத்திரியில பூச ஒரு மருந்து எழுதித் தர்றேன். நாலஞ்சு மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா பழைய நிறம் வந்துடும்.

— நாலஞ்சு மாசம் கழிச்சு வந்து இன்னாத்துக்கு? ஞாயித்துக்கிழமையே எல்லாம் முடிஞ்சுபோச்சு.

— என்ன முடிஞ்சுது?

— கல்யாணப் பேச்சு. பூந்தமல்லி பையன், ஸ்ரீநாத்னு பேரு. பொண்ணு பாக்க வந்தப்பவே அவங்க அம்மா என்னை சமையக்கட்டுக்கு இட்டுனு போய் சொல்லிச்சு. எல்லாம் புடிச்சிருக்கு, மூஞ்சிய மட்டும் சரி பண்ணிடுங்க, தேதி குறிச்சிரலாம்னு. அதுக்குத்தாம்மா உங்ககிட்ட ஓடியாந்தோம். போன ஞாயித்துக்கிழமை தேதி குறிக்க வந்தாங்க. இவ காபி எடுத்துகினு வந்து நின்னா. அந்தம்மா இவ மூஞ்சியப் பாத்துச்சு, அப்புறம் புள்ளையப் பாத்துச்சு. அவன் குனிஞ்ச தலைய நிமித்தல. ஊட்டுல கலந்துகினு சொல்றோம்னு எழுந்துட்டாங்க. காபியத் தொடக்கூட இல்ல. மறுநாளு தரகரு வந்து, வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு.

— கேக்கவே கஷ்டமா இருக்குங்கம்மா.

— கஷ்டம்னு சொல்லிட்டு நீங்க அடுத்த ஆளக் கூப்பிடுவீங்க. நான் வுட மாட்டேன். எங்க அண்ணன் எத்திராஜ் வக்கீலாண்ட குமாஸ்தாவா கீறாரு. உங்க மேல கேஸ் போட பேப்பரே எழுதி வச்சுட்டாரு.

— போடுங்கம்மா, அது உங்க உரிமை. அதுக்கு முன்னாடி தாட்சாயிணிகிட்ட நான் அஞ்சு நிமிஷம் தனியாப் பேசணும். நீங்க கீழ மருந்துக்கடையில இந்தச் சீட்டக் குடுத்து வாங்கிட்டு வந்துடுங்க.

— அவள மெரட்டி கையெழுத்து வாங்கலாம்னு பாக்காதீங்க.

— நீ போம்மா. நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்.

— சரி, இதோ வந்துர்றேன்.

— உக்காரு கண்ணு. நான் லேசர் வச்சது நெத்தியிலயும் கன்னத்துலயும் தாவாக்கட்டையிலயும்தான். கழுத்துல வைக்கல. உன் கழுத்து ஏன் கருத்திருக்கு?

— தெரியல டாக்டர்.

— காது மடல்கூட கருத்திருக்கு. லேசர் படாத எடம் எல்லாம் கருத்தா அது வெயில்தான். அம்மா வேலைக்குப் போனதும் யாராவது உன்னை வெளிய அனுப்பினாங்களா? அப்பா?

— அப்பா இல்ல. நாங்க ரெண்டு பேர்தான்.

— அப்புறம் எப்படி? சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?

— எங்க மாமா கேஸ் போட்டா உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாவுமா டாக்டர்?

— கஷ்டம்தான். கேஸுக்கு முன்னாடியே நெட்ல எழுதிட்டாரு. அதப் படிச்சுட்டு நேத்து ரெண்டு பேர் வரலன்னு போன் பண்ணிட்டாங்க. என் கையிலதான் தப்பான்னு நானே ராத்திரி பூரா யோசிச்சிட்டிருந்தேன்.

— உங்க கையில தப்பில்ல. மாமாகிட்ட நானே சொல்லிடறேன். நான்தான் போய் நின்னேன்.

— எங்க நின்ன?

— மொட்டை மாடியில. பொருக்கு உதிர்ந்த மறுநாள்ல இருந்து. பன்னெண்டு மணிக்கு ஏறுவேன், ரெண்டு மணி வரைக்கும் நிப்பேன், வெயிலுக்கு நேரா மூஞ்சியத் தூக்கிகினு. நீங்க குடுத்த கிரீம் மூடியத் தெறக்கவே இல்ல. ஒம்போது நாள் நின்னேன். முதல் ரெண்டு நாள் மொளகாப்பொடி அப்பின மாரி எரிஞ்சுது. அப்புறம் பழகிப்போச்சு.

— ஏன் கண்ணு இப்படிப் பண்ணின? புதுசா மொளைச்ச தோல் அது, கொழந்தையோட தோல் மாதிரி. அந்தப் பையனப் பிடிக்கலன்னா அம்மாகிட்ட வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுக்கு இப்படி ஒரு வழியா?

— பிடிச்சிருந்துது டாக்டர். ரொம்பப் பிடிச்சிருந்துது. தெனம் போன்ல பேசுவாரு, உன் மூஞ்சி எப்படி இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்னு சொல்லிகினே இருப்பாரு. அது நெசமான்னு தெரிஞ்சுக்கத்தான் நின்னேன்.