ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியது

அன்று காலை என் மனைவியின் வலது பூட்ஸுக்குள் நான்தான் பவுடர் போட்டேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு குதிரை மிதித்து உடைந்த கால் அது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் பாதம் கொஞ்சம் அகலமாகவே நின்றுவிட்டது. பவுடரைக் கொட்டி, நான் குதிகால் பக்கம் பிடித்துத் தள்ள, அவள் சுவரில் கையூன்றி மிதித்தால்தான் பூட்ஸ் ஏறும்.

"நல்லாத் தள்ளு கயிறு. காலையில சாப்பிடலியா நீ?" என்றாள்.

கயிறு என்பது நான். எங்கள் லாயத்தில் எனக்கு அதுதான் பெயர். இளம் குதிரைகளைப் பழக்கும் வேலையில் இரண்டு பாதி உண்டு. தரையில் நின்று, நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிட்டு, நில் என்றால் நிற்கவும் தொட்டால் மிரளாமல் இருக்கவும் கற்றுக்கொடுப்பது முதல் பாதி. அது என் வேலை. அதற்குப் பிறகு முதன்முதலாக அதன் முதுகில் ஏறி உட்காருவது இரண்டாம் பாதி. அது அவள் வேலை. மாதக்கணக்கில் தூசி தின்பது நான். ஏறி உட்கார்ந்து கைதட்டல் வாங்குவது அவள். சமையல்காரனுக்கும் பந்தி பரிமாறுகிறவருக்கும் உள்ள உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவர்கள் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒருமுறை பத்திரிகையில் எங்கள் படம் வந்தது. எங்கள் படம் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். அவள் குதிரைமேல் இருந்தாள். குதிரையின் தாடையிலிருந்து ஒரு கயிறு கிளம்பிப் படத்தின் ஓரம்வரை வந்து முடிந்திருந்தது. அதன் மறுமுனையில் இருந்தவன் நான். அந்தப் படத்தை வெட்டிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியதும் நான்தான். வருகிறவர்களிடம், "இந்தக் கயிறு நான்தான்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்னைவிட நன்றாக அந்த நகைச்சுவையை ரசித்தவர் யாருமில்லை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் விசாரிக்க வந்தபோது குதிரையைப் பற்றித்தான் அதிகம் கேட்டீர்கள். குறை சொல்லவில்லை. முரடா, கடிக்குமா, இதற்குமுன் யாரையாவது தள்ளியிருக்கிறதா என்றெல்லாம் கேட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். அது முரடு இல்லை. கடிக்காது. யாரையும் தள்ளியதில்லை. விபத்து என்று முடித்துவிட்டு, போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். குதிரையை விட்டுவிட்டு என்னைப் பற்றிக் கேட்டிருந்தால் அதற்கும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னைப் பற்றி நான் நினைப்பது எப்போதுமே கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

அந்தப் பெண் குதிரையின் பெயர் கடுகு. அந்த வருடம் வந்த குட்டிகளில் உருவத்தில் சின்னது. "சிறுத்தாலும் காரம் இருக்கும் பாரு" என்று என் மனைவி வைத்த பெயர். காரமெல்லாம் ஒன்றுமில்லை. கற்பூரம்போல் சட்டென்று பிடித்துக்கொள்ளும் குதிரை அது. ஒரு விஷயத்தை இரண்டு தடவை காட்டினால் மூன்றாம் தடவை நான் கையைத் தூக்குமுன் செய்துவிடும். அதுதான் பிரச்சினையும்கூட. கெட்டிக்காரக் குதிரை நாம் சொல்லிக்கொடுப்பதை மட்டுமல்ல, நாம் செய்வதையும் கற்றுக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய லாயத்து முதலாளி ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. அவரிடம் தலைமைச் சவாரிக்காரர் இடம் காலியாக இருந்தது. ஒரு புதுக் குதிரையில் அவள் முதல்முறை ஏறுவதை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். அவள் கடுகைத் தேர்ந்தெடுத்தாள். நான் பழக்கியதிலேயே நல்ல குதிரை என்று காரணமும் சொன்னாள். பெருமைப்பட வேண்டிய விஷயம். பட்டேன்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீயும் வா. அவ்வளவு பெரிய லாயம், உனக்கு ஏதாவது வேலை குடுக்காமலா போயிடுவாங்க?"

"ஏதாவதுன்னா?"

"ஏதாவதுன்னா ஏதாவதுதான். இப்பவே கண்ணைக் கசக்காதே. வரலைன்னாலும் நான் போறதாத்தான் இருக்கேன், அதையும் சொல்லிடறேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். நானும் கோபப்படவில்லை. துடைத்த பாத்திரங்களை வாங்கி அடுக்கினேன். உலகத்தில் மனிதர்கள் சொத்துக்காக, மானத்துக்காக, காதலுக்காக எல்லாம் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். 'ஏதாவது' என்ற ஒரு வார்த்தைக்காகச் செய்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அழுத்தும்போது குதிரை எதையும் கற்பதில்லை, அழுத்தத்தை விடும்போதுதான் கற்கிறது. விலாவில் விரலை வைத்து அழுத்துங்கள். அது ஒரு அடி நகர்ந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். நகர்ந்தால் தொல்லை விட்டது என்று அதற்குப் புரியும். அடுத்த தடவை விரல் பட்டதுமே நகரும். அவ்வளவுதான் மொத்த வித்தையும். அடிக்க வேண்டாம், கத்த வேண்டாம். நான் என் வாழ்நாளில் ஒரு குதிரையையும் அடித்ததில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

என் மனைவிக்கு ஒரு பழக்கம் இருந்தது. புதுக் குதிரையில் ஏறி ஒரு சுற்று வந்ததும், வலது கையைப் பின்னால் கொண்டுபோய், சேணத்துக்குப் பின்னே குதிரையின் இடுப்புமேல் இரண்டு தட்டுத் தட்டி, "சமத்து" என்பாள். எந்தக் குதிரையானாலும் அந்த இரண்டு தட்டு உண்டு. எனக்குத் தெரிந்து ஒரு குதிரைக்கும் விட்டுப்போனதில்லை.

ஒரு மூங்கில் கழியின் நுனியில் அவளுடைய பழைய கையுறை ஒன்றைப் பஞ்சடைத்துக் கட்டினேன். கடுகின் முதுகில் சேணம் வைத்து, ஆள் கனத்துக்கு மணல் மூட்டையும் ஏற்றினேன். வேலியின் மேல்கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். தரையிலிருந்து தொட்டுப் பழக்கினால் மேலிருந்து தொடும்போது குதிரைக்கு அது வேறு விஷயமாகிவிடும், அதனால்தான். கையுறையால் இடுப்பில் இரண்டு தட்டு. பிறகு அழுத்தம். கடுகுக்கு என்ன வேண்டுமென்று புரியவில்லை. நகர்ந்து பார்த்தது, நின்று பார்த்தது, தலையைத் தாழ்த்திப் பார்த்தது. கடைசியில் எரிச்சலில் முதுகை வில்லாக வளைத்துப் பின்னங்கால்களை உதறியது. அந்தக் கணமே கழியை எடுத்துவிட்டேன்.

ஒரு கொலைகாரன் என்றால் கையில் கத்தியாவது இருக்க வேண்டும். நான் வேலிமேல் காக்காய் மாதிரி உட்கார்ந்து, பொம்மைக் கையால் குதிரைக்கு முதுகு சொறிந்துகொண்டிருந்தேன். யாராவது பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

பார்த்தவர் ஒருவர் உண்டு. சிரிக்கத்தான் செய்தார். குளம்பு சீவ வந்த லாடக்காரர். அவர் குதிரையின் முதுகிலிருந்து கையை வழித்துக்கொண்டே பின்னங்காலுக்கு இறங்குகிறவர். இடுப்பில் கை பட்டதும் கடுகு முதுகைத் தூக்கிவிட்டது. அவர் துள்ளி விலகி வேலியில் சாய்ந்தார்.

"ஏம்பா கயிறு, உன் பொண்ணுக்குப் பின்னாடி தொட்டா ஆகாதா?"

"பழக்கிக்கிட்டிருக்கேண்ணே."

"நல்லாப் பழக்கினே போ. நான் என்ன, பொண்டாட்டி புள்ளை இல்லாதவன்னு நினைச்சியா? சொல்லிட்டுக் கூப்பிடக் கூடாது?"

"சரியாயிடும்ணே."

"உன் கையில சரியாகாதது எது?" என்று சொல்லிவிட்டு முன்னங்கால்களை மட்டும் சீவிவிட்டுப் போனார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். குதிரையைத் தரைக்காரன் சவாரிக்காரரிடம் ஒப்படைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் குதிரையின் தலையைப் பிடித்திருப்பேன். அவள் இடது காலைச் சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் வைப்பாள், ஏற மாட்டாள். அப்படியே நின்று, "என்ன இருக்கு?" என்று கேட்பாள். நான் சொல்ல வேண்டும். இந்தக் குதிரைக்குக் காது கூசும், அதற்குப் பிளாஸ்டிக் பை சத்தம் ஆகாது என்று தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டும். "முன்னாடி?" என்பாள். "பக்கத்துல?" என்பாள். "பின்னாடி?" என்பாள். மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் தரையிலிருக்கும் காலை எடுப்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் முழுதாக உண்மை பேசிக்கொண்ட இடம் அநேகமாக அது ஒன்றுதான். வீட்டில் சம்பளம், சொந்தக்காரர்கள், யார் கதவைச் சாத்தவில்லை என்று ஆயிரம் பொய் வரும். அங்கவடியில் கால் இருக்கும்போது பொய் வந்ததில்லை.

அன்றும் கேட்டாள்.

"என்ன இருக்கு?"

"இடது பக்கம் நிழல் விழுந்தா ஒரு மாதிரி முறைக்கும். ஒண்ணும் பண்ணாது."

"முன்னாடி?"

"ஒண்ணுமில்ல."

"பக்கத்துல?"

"நிழல் மட்டும்தான்."

"பின்னாடி?"

"பஞ்சு மாதிரி இருக்கும்."

நிழலைப் பற்றிச் சொன்னது நிஜம். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு மனசு உறுத்தியிருக்கும்.

அவள் ஏறினாள். கடுகு ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. நடந்தது, ஓடியது, திரும்பியது, நின்றது. பெரிய லாயத்து முதலாளி களத்து வாசல் தூணருகே கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய்யில்லை. என் வேலை அது. பார்க்கிறவருக்கு அது என் வேலை என்று தெரியாது, அவ்வளவுதான். சுற்று முடிந்து வாசல் பக்கம் வந்தாள். வலது கை பின்னால் போனது.

நான் ஆசைப்பட்டது ஒரு சின்ன விழுதல். அவர் முன்னால் மண்ணில் விழுந்து, எழுந்து, பேன்ட்டைத் தட்டிக்கொண்டால் போதும். முதலாளி போய்விடுவார். அவளுக்குக் கொஞ்ச நாள் கால் வலிக்கும். நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். இதற்காக அன்று காலை களத்தில் புது மணல் கொட்டிப் பரப்பினேன். கணுக்கால் புதையும் அளவுக்கு. இவ்வளவு அக்கறையாகக் கெடுதல் செய்கிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இத்தனை நாள் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணலை நான் நடுவில் பரப்பினேன். அவள் நடுவில் தட்டுகிறவள் இல்லை. வாசலுக்கு வந்து, பார்க்கிறவர்கள் முன்னால்தான் எப்போதும் தட்டுவாள். வாசல் தூண், தண்டவாளத் துண்டை நட்டு வைத்தது. அதற்குப் பழைய டயர் ஏதாவது கட்டு என்று அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். டயர் கொட்டகையில்தான் இருந்தது. அவளைப்போல் உட்காருகிறவரைக் கடுகு மாதிரி ஒரு சின்னக் குதிரை கீழே தள்ள முடியாது. ஆனால் ஒரு கை பின்னால் போய், உடம்பு திரும்பியிருக்கிறபோது முடியும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பதுதானே என் தொழில்.

தலையில் கவசம் போட்டிருந்தாள். கழுத்துக்குக் கவசம் கிடையாது.

"ச" என்றது கேட்டது. மீதி கேட்கவில்லை.

எல்லோரும் என்னிடம் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். லாடக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கே சொன்னியேப்பா, பழக்கிக்கிட்டிருக்கேன்னு. அதுக்குள்ள ஏத்தச் சொல்லி அவசரப்படுத்திட்டானுங்க, பாவிங்க" என்று அழுதார். அந்த முதலாளி, எனக்குத் தன் லாயத்தில் ஏதாவது ஏற்பாடு செய்வதாகச் சொல்லி அனுப்பினார். என் மனைவியின் அக்கா மட்டும் கடுகைப் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தச் சனியனை இன்னும் ஏன் தம்பி வச்சிருக்கீங்க? சுட்டுத் தள்ளுங்க."

"அது மேல தப்பில்ல அக்கா."

"உங்க மனசு யாருக்கும் வராது தம்பி" என்றார்.

அந்த நாட்களில் நான் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான். அதற்குத்தான் எனக்குப் பெரிய மனுஷன் என்று பெயர் கிடைத்தது.

கடுகை நான் விற்கவில்லை. வாங்கிப் போகிறவருக்கு ஒப்படைக்கும்போது என்ன சொல்வது? கற்றுக்கொடுத்ததை மறக்க வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. இடுப்பில் கையை வைக்க வேண்டும். அது முதுகைத் தூக்கினால் கையை எடுக்கக் கூடாது. அப்படியே வைத்திருந்து, அது அமைதியாக நின்ற பிறகு எடுக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் சில நாட்களில் சரிசெய்துவிடுவான்.

ஒரு வருடத்துக்குமேல் ஆகிறது. தினமும் காலையில் போகிறேன். இன்றும் போனேன். இரண்டு தட்டுத் தட்டினேன். கடுகு முதுகைத் தூக்கியது. கையை எடுத்துவிட்டேன்.